நொடிக்கு இலட்சம் புள்ளிகள்: லேசர் ஒளியால் கட்டடத்தை அளப்பது எப்படி?

மாணவர்களே, செராஸ் வட்டாரத்தில் தாமான் கோனாட்டிலோ தாமான் மீடாவிலோ எம்.ஆர்.டி. இரயிலில் ஏறி நகர மையத்தை நோக்கிப் பயணம் செய்திருப்பீர்கள். தாமான் பெர்த்தாமா நிலையம் வரை இரயில் தூண்களின் மேல் ஓடுகிறது. அதைத் தாண்டியதும் கீழே இறங்கி, மாலூரி நிலையத்துக்குள் நிலத்தடியில் நுழைகிறது. அங்கிருந்து செமந்தான் வரை சுமார் 9.5 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுரங்கப்பாதை. நடுவில் ஏழு நிலத்தடி நிலையங்கள்.

மேலே கான்கிரீட் பாலம், கீழே கான்கிரீட் குழாய். பாலம் ஆயிரக்கணக்கான துண்டுகளால் ஆனது. குழாயும் வளையம் வளையமாகப் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டோடு சரியாகப் பொருந்த வேண்டும். நிலைய நடைமேடையின் விளிம்பு இரயிலுக்கு மிக அருகில் இருந்தால் பெட்டி உரசும். தள்ளி இருந்தால் பயணியின் கால் இடைவெளியில் சிக்கும். இவ்வளவு பெரிய கட்டுமானத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இன்று அதற்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்றுதான் லேசர் ஸ்கேனர். தமிழில் இதை லேசர் வருடி என்றும் சொல்வர். இந்த வாரம் அது இயங்கும் விதத்தையும், அது தரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் பார்ப்போம்.

1 மில்லிமீட்டர் எப்படி 55 ஆகிறது?

முதலில் ஒரு கணக்கு. பாலத்தின் ஒவ்வொரு துண்டும் 3 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டின் மறுமுனை பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் மட்டும் விலகிவிட்டது. அடுத்த துண்டும் தனக்கு முந்திய துண்டிலிருந்து அதே அளவு திரும்பிவிட்டது. இப்படியே பத்துத் துண்டுகள்.

மொத்த விலகல் 10 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இல்லை. முதல் துண்டு 1 மில்லிமீட்டர் விலக்குகிறது. ஏற்கெனவே திரும்பிய திசையில் தொடங்கும் இரண்டாவது துண்டு 2 மில்லிமீட்டர் விலக்குகிறது. மூன்றாவது 3. இப்படி 1 + 2 + 3 + … + 10 = 55 மில்லிமீட்டர். முப்பது மீட்டர் தூரத்துக்குள் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான பிழை வந்துவிடுகிறது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் பிழை கண்ணுக்கே தெரியாது.

அதனால்தான் பொறியியலாளர்கள் கட்டி முடித்த பிறகு ஒரே முறை அளந்து பார்ப்பதில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே அளக்கிறார்கள். பிழை சிறியதாக இருக்கும்போது அடுத்த துண்டிலேயே திருத்திவிடலாம். பெரியதாக வளர்ந்தபின் கான்கிரீட்டை உடைக்கத்தான் வேண்டும்.

நாடாவுக்கு என்ன குறை?

அளவு நாடா நல்ல கருவிதான். ஆனால் அதற்கு மூன்று எல்லைகள் உண்டு. முதலாவது, வெப்பம். 30 மீட்டர் எஃகு நாடா 10 பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 3.5 மில்லிமீட்டர் நீளும். கோலாலம்பூர் நண்பகல் வெயிலில் இது எளிதாக நடக்கும். இரண்டாவது, எட்டாத இடம். பரபரப்பான சாலைக்கு மேலே நிற்கும் பாலத்தின் அடிப்பாகத்தில் யார் நாடாவைப் பிடிப்பது?

மூன்றாவதுதான் முக்கியமானது. நீங்கள் அளக்க நினைத்ததை மட்டுமே நாடா அளக்கும். அறையின் நீளத்தையும் அகலத்தையும் எழுதிக்கொண்டு வருகிறீர்கள். நடுச்சுவர் இலேசாகப் புடைத்திருக்கிறது என்றால், அது உங்கள் குறிப்பேட்டில் வராது. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. லேசர் ஸ்கேனர் எதையும் தேர்ந்தெடுக்காமல், தன் பார்வையில் படும் பரப்பு முழுவதையும் பதிவு செய்கிறது.

ஒளி போய்வரும் நேரம்

லேசர் ஒளியை 1960 மே 16ஆம் நாள் அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் மைமன் முதன்முதலில் உருவாக்கினார். சாதாரண விளக்கொளி எல்லாப் பக்கமும் சிதறும். லேசர் ஒளியோ ஒரே திசையில் மெல்லிய கற்றையாகச் செல்லும். அதனால் தொலைவில் உள்ள ஒரே ஒரு புள்ளியை அதனால் தொட முடிகிறது.

ஸ்கேனர் ஒரு முக்காலியின் மேல் நிற்கும். அது லேசர் ஒளியைத் துடிப்பாக அனுப்பும். ஒளி சுவரில் பட்டுத் திரும்பி வரும். போய்வர எடுத்த நேரம் தெரிந்தால் தூரம் தெரியும்:

தூரம் = ஒளியின் வேகம் × நேரம் ÷ 2

இரண்டால் வகுப்பது ஏன்? அந்த நேரம் போகவும் வரவும் ஆன நேரம். நமக்கு வேண்டியது ஒருவழித் தூரம். ஒளியின் வேகத்தை நொடிக்கு 30 கோடி மீட்டர் என்று கொள்வோம். ஒளி 80 நானோ நொடியில் திரும்பி வந்தால், அது மொத்தம் 24 மீட்டர் பயணம் செய்திருக்கிறது. ஆகவே சுவர் இருப்பது 12 மீட்டர் தூரத்தில்.

ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. 1 மில்லிமீட்டர் வித்தியாசத்தை அறிய வேண்டுமானால், அதிலும் நூற்றைம்பதில் ஒரு பங்கு நேரத்தை, அதாவது ஏறக்குறைய 6.7 பிக்கோ நொடியைப் பிரித்தறிய வேண்டும். கருவியின் விலை ஏன் அதிகம் என்பது இப்போது புரியும். வேறு சில ஸ்கேனர்கள் துடிப்புகளுக்குப் பதிலாக, அலைபோல ஏறி இறங்கும் தொடர் ஒளியை அனுப்பி, போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகின்றன.

தூரத்திலிருந்து புள்ளிக்கு

தூரம் மட்டும் போதாது. எந்தத் திசையில் அந்தத் தூரம் என்பதும் தெரிய வேண்டும். ஸ்கேனருக்குள் ஒரு சிறு கண்ணாடி வேகமாகச் சுழன்று ஒளியை மேலும் கீழும் வீசுகிறது. அதே நேரம் கருவியின் தலை மெதுவாகப் பக்கவாட்டில் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு கோணங்களும் பதிவாகின்றன. பிறகு நீங்கள் படித்த முக்கோணவியல்தான் வேலை செய்கிறது.

மேலே பார்த்த 12 மீட்டர் தூரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒளி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை மேல்நோக்கியும், வடக்கிலிருந்து கிழக்காக 60 பாகை திரும்பியும் சென்றது.

உயரம் = 12 × சைன் 30° = 6.0 மீட்டர்
கிடைமட்டத் தூரம் = 12 × கோசைன் 30° = 10.39 மீட்டர்
கிழக்கே = 10.39 × சைன் 60° = 9.0 மீட்டர்
வடக்கே = 10.39 × கோசைன் 60° = 5.2 மீட்டர்

ஸ்கேனரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால், சுவரில் ஒளி பட்ட இடம் (9.0, 5.2, 6.0). ஒரு புள்ளிக்கான கணக்கு முடிந்தது. இன்றைய கருவிகள் இதை நொடிக்குப் பல இலட்சம் முறை செய்கின்றன. சில கருவிகள் 20 இலட்சம் வரை கூடச் செய்யும். கோடிக்கணக்கான புள்ளிகள் சேரும்போது கணினித் திரையில் கட்டடமே புகைமண்டலம்போல் எழுந்து நிற்கும். இதற்குப் 'புள்ளி மேகம்' என்று பெயர்.

ஒரே இடத்திலிருந்து பார்த்தால் தூணின் பின்பக்கம் தெரியாது. ஆகவே முக்காலியைப் பல இடங்களுக்கு நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் அளப்பார்கள். வெள்ளை உருண்டைகள், சதுரங்கப் பலகை போன்ற அட்டைகள் ஆகியவற்றைப் பொது அடையாளங்களாக வைத்து, அந்த மேகங்களைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்துவார்கள். கிழிந்த படத்தின் துண்டுகளை ஒட்டுவது போன்ற வேலை இது.

அழகான படம் சரியான படமா?

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். புள்ளி மேகம் திரையில் மிக அழகாகத் தெரியும். அழகாக இருப்பதாலேயே அது சரியாக இருக்கும் என்று நம்பிவிடத் தோன்றும். அது ஆபத்து.

பள்ளி அறிவியலில் 'கெஜித்துவான்', 'கெபெர்சிசான்' என்ற இரு சொற்களைப் படிக்கிறீர்கள் அல்லவா? முதலாவது, உண்மையான அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பது. இரண்டாவது, திரும்பத் திரும்ப அளக்கும்போது விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பது. முதல் ஒரு சென்டிமீட்டர் உடைந்துபோன அடிக்கோலால் மேசையைப் பத்து முறை அளந்தால், பத்து முறையும் ஒரே விடை வரும். பத்தும் தவறாகவே இருக்கும். ஸ்கேனரும் இப்படிக் கோடி முறை ஒரே பிழையைச் செய்யக்கூடும்.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

கோணம்: கருவியின் கோணக் கணக்கில் 0.01 பாகை தவறினால், 50 மீட்டர் தூரத்தில் புள்ளி 8.7 மில்லிமீட்டர் விலகிவிடும். தூரம் கூடக் கூடப் பிழையும் கூடும்.

காற்று: வெற்றிடத்தைவிடக் காற்றில் ஒளி சற்றே மெதுவாகச் செல்கிறது. இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் பிழை வரும். கருவி இதைத் தானே திருத்திக்கொள்ளும். நீண்ட தூர வேலைகளில் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் அதற்குக் கொடுக்க வேண்டும்.

பரப்பு: கண்ணாடி ஒளியைக் கடத்திவிடும். பளபளக்கும் உலோகம் வேறு பக்கம் திருப்பிவிடும். கறுப்புத் தார் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். மாலை மழை பெய்து ஓய்ந்த பிறகு தேங்கி நிற்கும் நீர், கண்ணாடிபோல் நடந்துகொள்ளும். அப்போது நிலத்துக்கு அடியில் இல்லாத ஒரு கட்டடம் தலைகீழாகப் பதிவாகும். சாலையில் ஓடும் வாகனங்களும் புள்ளிகளாக வந்து சேரும்; அவற்றை நீக்க வேண்டும்.

இடைவெளி: 10 மீட்டரில் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் விழும் புள்ளிகள், 50 மீட்டரில் 30 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் விழும். நடுவில் ஒரு விரிசல் இருந்தால் அது தப்பிவிடலாம். படத்தில் விரிசல் இல்லை என்பதால் சுவரில் விரிசல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பொருத்துதல்: ஒவ்வொரு மேகத்தையும் ஒட்டும்போது ஓரிரு மில்லிமீட்டர் தவறலாம். இருபது மேகங்களை வரிசையாக ஒட்டினால் பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகலாம். நாம் முதலில் பார்த்த பாலத் துண்டுக் கணக்கு இங்கே திரும்பி வருகிறது. சுரங்கப்பாதையில் இது இன்னும் கடினம். சுவர் எங்கும் ஒரே மாதிரி இருப்பதால், எது எதோடு பொருந்துகிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கணினி திணறும்.

இதற்கு மருந்து என்ன? வேறொரு கருவியால் சரிபார்ப்பதே. நில அளவையாளர்கள் 'டோட்டல் ஸ்டேஷன்' என்னும் கருவியால் சில இடங்களை மிகக் கவனமாக முன்னரே அளந்து குறித்து வைப்பார்கள். இவை கட்டுப்பாட்டுப் புள்ளிகள். புள்ளி மேகம் இந்தப் புள்ளிகளோடு ஒத்துப்போக வேண்டும். சில புள்ளிகளைப் பொருத்துவதற்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் சோதனைக்கு மட்டும் எடுப்பார்கள். ஆசிரியர் பயிற்சியில் தராத கேள்வியைத் தேர்வில் கேட்பது போன்றது இது.

தஞ்சையில் விழுந்த கருவி

சரிபார்க்கும் பழக்கம் புதிதல்ல. 1802 ஏப்ரல் 10ஆம் நாள், சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒரே கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாள்கள் ஆயின. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே அளந்தார்கள். அந்த ஒரு கோடு தவறினால், அதன்மேல் எழும் முக்கோணங்கள் அனைத்தும் தவறும்.

கோணங்களை அளக்க அவரிடம் அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் இருந்தது. சமவெளியில் தொலைவைப் பார்க்கக் குன்றுகள் இல்லாத இடங்களில் கோயில் கோபுரங்களின்மேல் அதை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது. அதன் வட்டம் வளைந்துபோனது. லாம்டன் பல வாரங்கள் உட்கார்ந்து அதைத் தட்டிச் சீராக்கிய பிறகுதான் வேலையைத் தொடர்ந்தார்.

இன்றைய ஸ்கேனர் ஒரு கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறியது. ஆனாலும் அது கீழே விழுந்தால், லாம்டன் செய்ததைத்தான் செய்ய வேண்டும்: சோதித்துச் சீர்செய்யாமல் அதன் எண்களை நம்பக் கூடாது.

செராஸ் நிலத்தின் அடியில்

நம் ஊருக்குத் திரும்புவோம். மாலூரி பக்கத்து நிலம் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைக் கரைத்துக் குழிகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. இத்தகைய நிலத்தில் துளையிட்டால் மேலே சாலை உள்வாங்கும் அபாயம் உண்டு. அதற்காகவே காஜாங் தடத்தின் சுரங்க வேலையில், நிலத்துக்கேற்பச் சேற்றுக் கலவையின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் புதுவகைத் துளைக்கும் இயந்திரங்கள் உலகிலேயே முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டன. செமந்தானிலிருந்து காஜாங் வரையிலான பகுதி 2017 ஜூலை 17ஆம் நாள் திறக்கப்பட்டது.

நிலத்தடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காது. பிறகு இயந்திரம் எப்படி வழி கண்டுபிடிக்கும்? இத்தகைய இயந்திரங்களுக்குப் பின்னால், கட்டி முடித்த சுரங்கச் சுவரில் ஒரு டோட்டல் ஸ்டேஷன் பொருத்தப்பட்டிருக்கும். அது இயந்திரத்தின் முதுகில் உள்ள இலக்கை லேசரால் பார்த்து, வழி விலகுகிறதா என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

சுரங்கம் தோண்டியபின் ஸ்கேனரின் முறை வருகிறது. உலகின் பல நகரங்களில் சுரங்கப்பாதைகளை இப்படி அளக்கிறார்கள். வட்டமாக இருக்க வேண்டிய வளையம் மண்ணின் அழுத்தத்தால் முட்டை வடிவம் ஆகிறதா? இரயில் வளைவில் சாயும்போது அதன் மேல்மூலை எங்கேனும் இடிக்குமா? இந்தக் கேள்விகளுக்கு நாடா விடை சொல்லாது. முழுப் பரப்பும் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். சில மாதங்கள் கழித்து மீண்டும் அளந்து, இரு மேகங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எது நகர்ந்தது என்பதும் தெரியும்.

வரைபடத்தில் இருப்பது ஒன்று, கட்டியது ஒன்று என்பது கட்டுமானத் துறையில் அன்றாடப் பிரச்சினை. பழைய கட்டடத்தில் காற்றுக்குழாய் பொருத்த வருகிறார்கள். வரைபடம் காட்டும் இடத்தில் ஒரு விட்டம் குறுக்கே நிற்கிறது. முதலில் ஸ்கேன் செய்திருந்தால், குழாயைத் தொழிற்சாலையில் வெட்டும் முன்பே அது தெரிந்திருக்கும். அதனால்தான் ஸ்கேனரின் தரவை, 'பிம்' எனப்படும் முப்பரிமாணக் கட்டடத் தகவல் மாதிரியோடு இணைத்துப் பார்க்கிறார்கள்.

எரிந்த ஆலயமும் சரவாக் குகையும்

அளந்து வைத்ததன் அருமை சில சமயம் பிறகுதான் தெரியும். பாரிஸ் நகரின் நோட்ர டாம் பேராலயத்தை அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் லேசரால் அளந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை வைத்து நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்தார். பழங்காலக் கொத்தர்கள் அதை எப்படிக் கட்டினார்கள் என்று அறிவதே அவர் நோக்கம். 2018இல் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15ஆம் நாள் ஆலயத்தின் கூரை எரிந்து விழுந்தது. எரிவதற்கு முன் ஒவ்வொரு கல்லும் எங்கே இருந்தது என்பதற்கு, அவருடைய தரவும் பிறர் எடுத்த அளவைகளும் சாட்சியாக நின்றன. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. சரவாக், முலு தேசியப் பூங்காவில் உள்ள சரவாக் குகைக்கூடம் 1980–81 ஆய்வுப் பயணத்தின்போது கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய குகைக்கூடம் என்று அது பெயர் பெற்றது. இருட்டில், கூரை தெரியாத இடத்தில் அதன் கொள்ளளவைச் சரியாகச் சொல்வது கடினம். 2011இல் அதை லேசரால் அளந்தார்கள். பிறகு 2013இல் சீனாவின் மியாவ் கூடத்தையும் அப்படியே அளந்தார்கள். மியாவ் கூடத்தின் கொள்ளளவு சுமார் 1 கோடியே 8 இலட்சம் கன மீட்டர். சரவாக் கூடத்தைவிட ஏறக்குறைய பத்து விழுக்காடு அதிகம். கொள்ளளவில் நாம் முதலிடத்தை இழந்தோம். தரைப் பரப்பில் சரவாக் கூடமே இன்னும் பெரியது. நமக்குப் பிடித்த விடையை அளவுகோல் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அதை நம்புகிறோம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஸ்கேனர் இல்லாமலேயே அதன் அடிப்படைப் பாடத்தை வகுப்பறையில் கற்கலாம். இரண்டு பேர், ஒரு நாடா, ஒரு தாள் போதும்.

1. வகுப்பறையின் நீளத்தை இரு சுவர்களின் ஓரமாகவும், அகலத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து எழுதுங்கள்.
2. ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுங்கள். மூன்றும் எவ்வளவு வேறுபடுகின்றன?
3. இரு மூலைவிட்டங்களையும் அளங்கள். அறை உண்மையான செவ்வகமானால் இரண்டும் சமமாக இருக்கும். 8 மீட்டருக்கு 6 மீட்டர் அறையில் ஒவ்வொன்றும் 10 மீட்டர்.
4. வேறொரு குழு வேறொரு நாடாவால் அளக்கட்டும். விடைகளை ஒப்பிடுங்கள்.

மூலைவிட்டங்களில் சில சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் வியப்படையாதீர்கள். அது அறையின் பிழையா, உங்கள் அளவையின் பிழையா? இரண்டாவது படியின் விடையைப் பார்த்தால் முடிவு செய்யலாம். பள்ளியில் லேசர் தூரமானி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஆனால் லேசர் ஒளியை ஒருபோதும் கண்ணுக்கு நேராகக் காட்டாதீர்கள்.

இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர்கள் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் புவியளவையியலைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. சில பொலிதெக்னிக்குகளிலும் டிப்ளோமா உண்டு. நாட்டின் நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெம் முதல் தனியார் நிறுவனங்கள் வரை இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒளி 200 நானோ நொடியில் திரும்பி வந்தால் சுவரின் தூரம் என்ன?
2. பாலத் துண்டுக் கணக்கில், பத்துக்குப் பதிலாக இருபது துண்டுகள் இருந்தால் விலகல் எவ்வளவு? இரு மடங்கா, அதற்கு மேலா?
3. மழை பெய்து ஓய்ந்தவுடன் ஒரு கார் நிறுத்துமிடத்தை ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். நீங்கள் பொறுப்பாளராக இருந்தால் என்ன சொல்வீர்கள்? ஏன்?

விடைகள்: 1) 30 மீட்டர். 2) 210 மில்லிமீட்டர், ஏறக்குறைய நான்கு மடங்கு. மூன்றாவது கேள்விக்கான விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டிக் கலந்து பேசுங்கள்.